பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை

பிப்ரவரி 4

பட்டறை உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர் என் சம்பள ஓட்டுநர். அவர் உங்கள் வாசலில் நிறுத்தியிருப்பது உங்கள் அண்ணனின் வேன். பின்பக்கம் 'கண் பரிசோதனை, மூக்குக்கண்ணாடி' என்று எழுதியிருக்கும். அதில் மூக்கை மட்டும் யாரோ சுரண்டிவிட்டார்கள்.

போனில் பேசாததற்குக் காரணம் இரண்டு. எந்திரச் சத்தத்தில் உங்கள் காது போய்விட்டது என்று கேள்வி. என் காது நன்றாக இருக்கிறது, நாக்கைத்தான் நம்ப முடியாது. எழுதினால் அடித்துத் திருத்தும் நேரத்திலாவது கோபம் ஆறும்.

உங்கள் அண்ணன் தூக்கத்திலேயே போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. நீங்கள் வந்தீர்கள், கடைசி வரிசையில் நின்றீர்கள், என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனீர்கள். குறையாகச் சொல்லவில்லை. பேசியிருந்தால் பதிலுக்கு நான் என்ன சொல்லியிருப்பேனோ.

எங்கள் தொழில் உங்களுக்குத் தெரியும். முதியோர் இல்லம், பள்ளிக்கூடம், ஆலை என்று வண்டி போகும். அவர் ஓட்டுவார், நான் கண் பார்ப்பேன். இப்போது சம்பள ஓட்டுநர் ஓட்டுகிறார். நல்ல மனிதர். என் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே என் தலைக்கு மேலாக மற்றவர்களிடம், "அம்மா டீ குடிப்பாங்களான்னு தெரியலையே" என்பார். மே மாதத்தோடு அவரும் வேறு வேலைக்குப் போகிறார்.

ஆகவே நானே ஓட்டப் போகிறேன். ஓட்டுநர் இருக்கையை எடுத்துவிடுங்கள். நான் நாற்காலியோடு ஏறி அந்த இடத்தில் போய் நிற்க வேண்டும். பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் கைக்கு வர வேண்டும். மே மாதம் உரிமத் தேர்வு. சொந்த வண்டியில்தான் வரவேண்டுமாம். அது தவறினால் இல்லங்கள் எல்லாம் வேறு கடையைத் தேடிக்கொள்ளும். நானும் கடைக்குள் உட்கார்ந்து, யாராவது தள்ளிக்கொண்டு போவார்களா என்று வாசலைப் பார்க்க வேண்டியதுதான்.

இதே வேலையை எட்டு வருஷத்துக்கு முன்னால் "இந்த வண்டிக்கு வராது" என்று சொன்னவர் நீங்கள். அதற்குப் பிறகு உங்கள் வீட்டுப் படியை நான் மிதித்ததில்லை. எந்தப் படியையும் என்னால் மிதிக்க முடியாது என்பது வேறு விஷயம். இப்போது உங்களிடமே வரக் காரணம், இதை ஒழுங்காகச் செய்ய உங்களை விட்டால் ஆள் இல்லை என்று மூன்று பேர் சொன்னார்கள். மூன்று பேருக்கும் உங்களைப் பிடிக்காது. அதனால் நம்பினேன்.

இப்படிக்கு,
கண்ணாடிக்கடை


பிப்ரவரி 10

அண்ணிக்கு,

வண்டி வந்து சேர்ந்தது. உங்கள் ஓட்டுநர் சாவியைக் கொடுத்துவிட்டு ஏதோ நீளமாகச் சொன்னார். எனக்கு இடது காது சுத்தமாக இல்லை. வலது காதில் தடித்த குரல் கேட்கும். மெல்லிய சத்தம் எதுவும் ஏறாது. குருவி, கொசு, விசில் எல்லாம் எனக்கு இறந்தகாலம். கொசு விஷயத்தில் மட்டும் லாபம்.

சாயங்காலம் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தேன். அண்ணன் வாசனை இன்னும் இருக்கிறது, பெப்பர்மிண்ட்டும் ஈரத் துணியுமாக. நடுக்கண்ணாடியை நான் திருப்ப வேண்டியிருக்கவில்லை. நானும் அவனும் ஒரே உயரம், ஒரே தோள்.

எதிர்க்கடைத் தையல்காரருக்கு அவன் இறந்தது தெரியாது. "உங்க அண்ணன் வந்திருக்காரு போல. காலைல வண்டியில உட்கார்ந்திருந்தாரே" என்றார். அது நான்தான் என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் நான் ஏறியது சாயங்காலம் என்பது உறைத்தது. அப்படியானால் அது உங்கள் ஓட்டுநராக இருக்கும் என்று முடிவுகட்டி வேலையில் இறங்கினேன். உங்கள் ஓட்டுநர் குட்டை என்பதை இதை எழுதும்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

முடியாது என்று நான் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நினைவில்லை.

அளவு வேண்டும். எண்களாக எழுதி அனுப்பாதீர்கள். எண்ணில் எல்லோரும் தங்களை ஒரு சுற்றுப் பெரிதாகவே காட்டிக்கொள்கிறார்கள். நூல் அனுப்புங்கள். சாப்பாட்டு மேஜைமேல் ஒரு பெரிய தட்டைச் சாய்த்து வைத்து, அதுதான் ஸ்டியரிங் என்று நினைத்துக்கொள்ளுங்கள். முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, நோகாமல் பிடிக்க முடிகிற தூரத்தில் நாற்காலியை நிறுத்துங்கள். தோளிலிருந்து உள்ளங்கை வரை ஒரு நூல். கண்ணிலிருந்து இருக்கை வரை ஒன்று. முழங்காலிலிருந்து தரை வரை ஒன்று. எது எதுவென்று முடிச்சுப் போட்டுக் காட்டுங்கள். ஒருநாள் அளந்தது போதாது. கை அசதியான நாளில் எடுத்த நூல்தான் உண்மையான நூல்.

கொழுந்தன்


பிப்ரவரி 16

பட்டறைக்கு,

மூன்று நூல்கள் இத்துடன். தோளுக்கு ஒரு முடிச்சு, கண்ணுக்கு இரண்டு, முழங்காலுக்கு மூன்று. என் கை குட்டை. முன்பே தெரியும், இப்போது நூலாகப் பார்க்கும்போது இன்னும் குட்டை.

ஐந்து நாளாகச் சாப்பாட்டு மேஜையை ஓட்டுகிறேன். தட்டைத் தண்ணீர் ஜாடிமேல் சாய்த்து வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டம்மாள் சர்க்கரை கேட்க வந்து, நான் தட்டைப் பிடித்து இடதுபக்கம் திருப்புவதைப் பார்த்துவிட்டு, சர்க்கரை கேட்காமலே போய்விட்டாள். துக்கம் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு மாதிரி பாதிக்கும் என்று தெருவில் சொல்லியிருப்பாள்.

ஒன்று சொல்ல வேண்டும். நேற்று திருப்பத்தில், அதாவது ஊறுகாய் ஜாடி இருக்கும் மூலையில், கொஞ்சம் வேகமாகத் திருப்பிவிட்டேன். பக்கத்து நாற்காலியிலிருந்து உங்கள் அண்ணன் "மெதுவா, மெதுவா" என்றார். எனக்குக் காது கேட்கும் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கிறேன். கை தானாகவே மெதுவாயிற்று. அதுதான் எனக்கு எரிச்சல்.

அப்புறம், நீங்கள் எதையும் மறக்கிற ஆள் இல்லை. என் கல்யாணத்தன்று நான் எந்தப் பக்கச் சக்கரத்தில் காற்றுக் குறைவாக வந்தேன் என்று பல வருஷம் கழித்து வேறொரு கல்யாணத்தில் வைத்துச் சொன்னவர். நினைவில்லை என்று உங்களால் எழுத முடிகிறது என்றால் வேறு எதையோ மென்று முழுங்குகிறீர்கள். துப்புங்கள்.

கண்ணாடிக்கடை


பிப்ரவரி 23

அண்ணிக்கு,

இருக்கையைக் கழற்றிவிட்டேன். நான்கு போல்ட்டும் துருவே இல்லாமல் வந்தன. உட்கார்ந்த குழி அப்படியே இருந்தது. அதைத் தூக்கிச் சுவரோரமாக வைத்தேன். தூக்கும்போது எதிர்பார்த்ததைவிடக் கனம்.

பிறகு தரைவிரிப்பை உரித்தேன். அடியில் தகட்டில் நான்கு துளைகள். போல்ட் துளைகள் அல்ல. நாற்காலிப் பூட்டுக்கான துளைகள். உங்கள் நாற்காலியின் அடியில் ஓர் ஆணி பொருத்துவோம். அது தரையில் உள்ள பூட்டில் போய் விழுந்தால் நாற்காலி அசையாது. அந்தப் பூட்டைத் திருகுவதற்கான துளைகள். ஒன்று மட்டும் சற்று உள்ளே தள்ளி இருக்கும். அந்த அமைப்பு என்னுடையது, வேறு எந்தப் பட்டறையிலும் கிடையாது. நான் வெட்டித் தரும் அளவு அட்டையை வைத்துத்தான் துளை போட்டிருக்கிறது. நான்கையும் ரப்பர் அடைப்பு வைத்து மூடி, மேலே விரிப்பு ஒட்டியிருக்கிறது.

இனி மென்று முழுங்க முடியாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் அவன் வந்தான். "அவ ஓட்டணுங்கிறாடா. நானே என் கையால செஞ்சு தரணும்" என்றான். அட்டை வெட்டிக் கொடுத்தேன், பூட்டும் கொடுத்தேன், பிரேக்கைக் கையால் இயக்கும் கைப்பிடியை எப்படி மாட்டுவது என்று காட்டினேன். கொஞ்ச நாளில் பூட்டைத் திருப்பிக் கொண்டுவந்தான். "அவளுக்குப் பயம்டா. வேணாங்குறா. அவகிட்ட இதப் பத்திப் பேச்செடுக்காத, அழுவா" என்றான்.

நீங்கள் பயப்படுவீர்கள் என்று நான் நம்பினேன். உங்களைத் தெரிந்திருந்தும் நம்பினேன்.

தையல்காரர் வேறு, "உன் வண்டிக்குள்ள குருவி கத்துதுய்யா, கூடு கீடு கட்டியிருக்கான்னு பாரு" என்கிறார். நான் சாவியைப் போட்டு வேலை பார்க்கிற நேரத்தில்தான் கத்துகிறதாம். முழுக்கத் தேடினேன். கூடு இல்லை, குருவி இல்லை.

கொழுந்தன்


பிப்ரவரி 26

என்னிடம் அவர் சொன்னது இது: "தம்பி பாத்துட்டான். இந்த வண்டிக்கு வராதாம். விடு, நான் இருக்கேன்ல."

நான் அழ மாட்டேன் என்று தெரிந்துதான் உங்களிடம் அழுவேன் என்று சொல்லியிருக்கிறார். எட்டு வருஷம் உங்களைத் திட்டித் தீர்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "விடு, அவன் சுபாவம் அப்படி" என்று உங்களுக்குப் பரிந்து பேசினார். பெருந்தன்மை.

வேலையை நிறுத்துங்கள். வண்டியை யாருக்காவது விற்றுவிடுங்கள். அந்தத் துளைகளின் மேல் நான் உட்கார மாட்டேன்.


மார்ச் 5

அண்ணிக்கு,

விற்கவில்லை. திட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்.

உங்கள் ஒரு முடிச்சு நூலை ஸ்டியரிங்கில் கட்டி இழுத்துப் பார்த்தேன். அந்தத் துளைகள் இருக்கும் இடத்தில் உங்கள் நாற்காலி நின்றால் உங்கள் கை ஸ்டியரிங்குக்கு எட்டாது. தப்பான இடம். நாங்கள் இப்படித் தப்புச் செய்கிறவர்கள் இல்லையே என்று யோசித்துவிட்டு, என் கையை நீட்டினேன். அச்சாகப் பொருந்தியது. அவன் கையும் என் கையும் ஒன்றுதான். அவன் உங்களை அளக்கவில்லை. உங்கள் நாற்காலியில் தான் உட்கார்ந்து, தன்னை அளந்திருக்கிறான்.

இரண்டாவது, அந்த அடைப்புகள். எட்டு வருஷ ரப்பர் வெடித்து, தொட்டால் உதிர வேண்டும். இவை புதியவை. நகத்தால் அழுத்தினால் குழைகின்றன. துளையின் விளிம்பில் துரு வராமல் பெயின்ட் தொட்டிருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தடவை தொட்ட பெயின்ட். சுரண்டிப் பார்த்தால் அடுக்கடுக்காக வருகிறது. மழைக்கு முன்னால் வருஷாவருஷம் மாற்றியிருக்கிறான். மறந்துபோன துளையை யாரும் இப்படிப் பராமரிக்க மாட்டார்கள். மறைக்க நினைத்தவன் ஒரு தகட்டை வைத்துப் பற்றவைத்திருப்பான், ஒரு மணி நேர வேலை.

அவன் செய்தது நியாயம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அண்ணன், உங்களிடம் பழியை என்மேல் போட்டுவிட்டான். ஆனால் கடைசி வரை அந்தத் துளைகளை அவன் ஒரேயடியாக மூடிவிடவும் இல்லை, பயன்படுத்தவும் இல்லை. அது என்ன கணக்கு என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது அவனைக் கேட்கவும் முடியாது. ஆனால் பட்டறையில் நான் குனிந்து வேலை செய்யும்போது யாரோ பின்னால் நின்று பார்ப்பது போலவே இருக்கிறது. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று திரும்பாமல் இருக்கிறேன்.

உங்களுக்கு ஒரே ஒரு கேள்வி. புதுத் துளை போடட்டுமா?

கொழுந்தன்


மார்ச் 14

தம்பிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. எழுதியவற்றை எல்லாம் கிழித்தேன். அவற்றில் நான் நன்றாகப் பேசியிருந்தேன், அதனால் கிழித்தேன்.

நான் ஓட்டக் கேட்ட அந்த வருஷம் ஒருமுறை எனக்குக் காய்ச்சல். படுத்திருந்தேன். எழுந்திருக்க நாற்காலியைக் கேட்டேன். "கழுவி வெயில்ல வச்சிருக்கேன், காயட்டும்" என்றார். அன்று முழுக்க வானம் மூட்டமாக இருந்தது. சாயங்காலம் நாற்காலி வந்தது, காய்ந்துதான் இருந்தது. கைப்பிடியில் மட்டும் கிரீஸ் கறை. நாற்காலியைக் கழுவுகிற புருஷனைக் குறுக்கு விசாரணை செய்ய எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்குத்தான் அதில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்திருக்கிறார். வண்டி நன்றாக ஓடியிருக்கும். முடியாது என்று கண்டு நிறுத்தவில்லை, தம்பி. முடியும் என்று கண்டதால் நிறுத்தியிருக்கிறார்.

வருஷாவருஷம் மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு அடியில் படுத்துக்கிடப்பார். என்ன பார்க்கிறீர்கள் என்றால், "சும்மா" என்பார். அந்தச் சும்மாவுக்கு ரப்பர் வாங்கியிருக்கிறார்.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். மில் சாலையில் ஒரு நீர்த்தேக்கம் உண்டு. போகும்போதும் வரும்போதும் தண்ணீர் மரங்களுக்கு நடுவில் ஒரு கணம் தெரியும், மறைந்துவிடும். நிறுத்துங்கள் என்று கேட்டிருக்கிறேன். "எதுக்கு?" என்பார். கோபமாக இல்லை, உண்மையாகவே காரணம் கேட்பார். எதற்கு என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நேரமாகிறது என்று போய்விடுவார். மற்றபடி என்னைத் தங்கமாகப் பார்த்துக்கொண்டார். தங்கத்தைப் பெட்டியில்தானே வைப்பார்கள்.

புதுத் துளை போடு. என் நூல் சொல்கிற இடத்தில் போடு. பழைய துளைகளைப் பற்றவைக்காதே, அடைப்பு அப்படியே இருக்கட்டும். மழைக்கு முன்னால் நானே ஆள் வைத்து மாற்றிக்கொள்கிறேன்.

அண்ணி


மார்ச் 30

அண்ணிக்கு,

வண்டி தயார். உங்கள் நாற்காலிக்கான ஆணியை ஓட்டுநரிடம் கொடுத்திருக்கிறேன், அடியில் திருகித் தருவார். பக்கக் கதவைத் திறந்தால் சாய்தளம் இறங்கும். ஏறி நேராக முன்னால் போங்கள். 'டக்' என்று கை உணரும் வரை தள்ளுங்கள். எனக்குக் கேட்காது, உங்களுக்குக் கேட்கும். கைப்பிடியைத் தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். பதறுகிறபோது மனிதன் முன்னால் தள்ளத்தான் செய்வான், இழுக்க மாட்டான். அதனால் இந்த ஏற்பாடு.

பழைய இருக்கைக்கும் அடியில் ஓர் ஆணி வைத்து அதே பூட்டில் மாட்டியிருக்கிறேன். உங்கள் ஓட்டுநர் அதில் உட்கார்ந்துதான் ஓட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். வந்ததும் கழற்றி வைத்துவிடலாம்.

பக்கத்து இருக்கையை நான் தொடவில்லை. இத்தனை நாள் என் கருவிப்பெட்டி அதன்மேல்தான் இருந்தது, கறை படிந்திருந்தால் மன்னிக்கவும். ஒருமுறை அவனை அந்தப் பக்கம் உட்கார வைத்து நான் ஓட்டியிருக்கிறேன். வழி நெடுக இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தான். கீழே போட்டிருந்த விரிப்பு சுருண்டு முன்னால் போய்விட்டது. "நீ ஓட்டுறதப் பாக்கிறதுக்கு நான் நடந்தே வந்திருப்பேன்" என்றான். அதற்குப் பிறகு வேறு யார் ஓட்டும் வண்டியிலும் அவன் ஏறியதாக எனக்குத் தெரியாது.

வண்டி தெருவைத் தாண்டியதும் தையல்காரர், "குருவி போயிடுச்சுய்யா" என்றார்.

கொழுந்தன்


மே 19

தம்பிக்கு,

தேறிவிட்டேன். தேர்வு அதிகாரி என்னிடம் கேட்க வேண்டியதை எல்லாம் சம்பள ஓட்டுநரிடம் கேட்டார். ஓட்டுநர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அவங்களையே கேளுங்க சார், டீ கூடக் குடிப்பாங்க" என்றார். இத்தனை நாள் பழகியதில் மனிதர் தேறியிருக்கிறார். இருவரும் ஒரே நாளில் தேறியதாக வைத்துக்கொள்.

பழைய இருக்கை இப்போது என் வீட்டுக் கூடத்தில், ஜன்னலோரம் இருக்கிறது. வருகிறவர்கள் அதில் உட்காரலாமா என்று தயங்கி நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகிறார்கள். சீக்கிரம் போகிறார்கள், நல்ல ஏற்பாடு. அவர் அதில் இல்லை. பார்த்துவிட்டேன். குழி மட்டும்தான் இருக்கிறது.

எங்கே இருக்கிறார் என்று இப்போது தெரியும். தேர்வு வரைக்கும் என் பக்கத்தில் யாராவது உட்கார்ந்தே இருந்தார்கள். நேற்றுதான் முதல்முதலாகத் தனியாகக் கிளம்பினேன். வண்டி நகர்ந்ததும் பக்கத்து இருக்கையிலிருந்து மெல்லிய சத்தம். கீச், கீச், கீச். பக்கத்தில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் வண்டி கத்துமே, அந்தச் சத்தம். பக்கத்தில் யாரும் இல்லை. பை கூட இல்லை. மில் வரைக்கும் கத்திக்கொண்டே வந்தது. நீ வேலை பார்த்தபோது உனக்குக் கேட்கவில்லையா?

அண்ணி


மே 23

அண்ணிக்கு,

உங்கள் தேர்ச்சியைத் தையல்காரரிடம் சொன்னேன். அவருக்கு உங்களைத் தெரியாது. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

எனக்கு எப்படிக் கேட்கும்? கொசுவோடு போன சத்தம் அது. தையல்காரரின் குருவி அதுதான். இருக்கைக்கு அடியில் கனத்தை உணரும் தகடு ஒன்று இருக்கும். என் கருவிப்பெட்டியை ஆள் என்று நினைத்துக் கத்தியிருக்கிறது. பெட்டி அழுத்தி அழுத்தித் தகடு அப்படியே மாட்டிக்கொண்டிருக்கும். எந்திரக் கோளாறுதான், பயப்பட ஒன்றும் இல்லை. இருக்கைக்கு அடியில் கைவிட்டால் மஞ்சள் ஒயர் ஒன்று வரும். கத்தரித்துவிடுங்கள். இனி அந்த இருக்கை யாரையும் உணராது.

ஒன்றே ஒன்றுதான் இடிக்கிறது. பெட்டி எடுத்த பிறகு உங்கள் ஓட்டுநர் தனியாகத்தானே வண்டியை ஓட்டி வந்தார்? வழியில் கத்தியதா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

கொழுந்தன்


மே 30

தம்பிக்கு,

கேட்டேன். அவர் வந்த வழியில் சத்தமே இல்லையாம்.

மஞ்சள் ஒயர் கைக்கு வந்தது. கத்தரியும் கையில் இருந்தது. மூக்குக்கண்ணாடிச் சட்டம் வெட்டும் கத்தரி, ஒயர் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. இனி அந்த இருக்கை யாரையும் உணராது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியில் கை நின்றுவிட்டது. ஒயரை உள்ளே தள்ளிவிட்டேன்.

அதற்குப் பதிலாக எட்டி, பக்கத்து பெல்ட்டை இழுத்து மாட்டினேன். யாரும் இல்லாத இருக்கைக்குக் குறுக்கே, நன்றாக இறுக்கி. சத்தம் நின்றது.

மில் சாலையில் போனேன். நிதானமாகத்தான் ஓட்டினேன். திருப்பங்களில் கொஞ்சம் வேகம் என்று சிலர் சொல்லக்கூடும். நீர்த்தேக்கத்துக்கு முன்னால் கைப்பிடியைத் தள்ளி வண்டியை ஓரமாக நிறுத்தினேன். தண்ணீர் சாதாரணத் தண்ணீர்தான். அதில் வானம் தலைகீழாகக் கிடந்தது, ஒரு பக்கம் பாசி. போதும் என்று தோன்றும் வரை பார்த்தேன். யாரும் எதுக்கு என்று கேட்கவில்லை.

கிளம்பும்போது குனிந்து பார்த்தேன். பக்கத்து இருக்கைக்குக் கீழே விரிப்பு சுருண்டு முன்னால் போயிருந்தது. காலையில் நான்தான் அதை நேராகப் போட்டிருந்தேன்.

மிதிக்கட்டும். பெல்ட் இருக்கிறது, விழ மாட்டார். பல வருஷம் இந்த வண்டியில் நிறுத்தச் சொல்லிக் கேட்டவள் நான். இனி இறங்க வேண்டுமென்றால் அவர் கேட்கட்டும்.

எதுக்கு என்று நானும் கேட்பேன்.

அண்ணி